வற்புறுத்திக் கூட்டிவரச் சொன்ன வசனம்: அது நடந்து வந்த பாதை



பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டபோது, நமது பங்கின் வரலாற்றைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். அதை நம்மைவிட நன்கறிந்த பெரியவர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். கோயில் கட்டக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் நம்மிடையே இருக்கையில், மாற்றலாகி வந்து சில ஆண்டுகளே ஆன நாம் அதைச் சொல்லப் புகுவது முறையன்று. ஆகவே நாம் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டோம். அது ஒரே ஒரு வசனத்தின் வரலாறு.

அதற்குக் காரணம் உண்டு. சென்ற தவக்காலத்தில் நடந்த ஓர் அன்பியக் கூட்டத்தில் லூக்காஸ் நற்செய்தியின் 14-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. பெருவிருந்து உவமை. அழைக்கப்பட்டவர்கள் வர மறுக்கிறார்கள். ஏழைகள் அழைத்து வரப்படுகிறார்கள். இன்னும் இடம் இருக்கிறது. அப்போது வீட்டுத் தலைவர் ஊழியனை நோக்கி, வழிகளுக்கும் வேலியோரங்களுக்கும் போய், அங்குள்ளவர்களை வற்புறுத்தி உள்ளே கூட்டிவரும்படி சொல்கிறார். வாசித்து முடித்ததும் பக்தியுள்ள ஓர் அன்பர் எழுந்தார். கோயிலுக்கு வராத குடும்பங்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடவேண்டும் என்றும், அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் பங்கு போகக்கூடாது என்றும், ஆண்டவரே வற்புறுத்தச் சொல்லியிருக்கிறார் என்றும் பேசினார். பலர் தலையசைத்தார்கள். அடுத்த வாரமே பட்டியலும் நம் கைக்கு வந்துவிட்டது. அன்று நாம் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தயங்கியதற்கு நமது சொந்தக் காரணம் ஒன்று இருந்தது. அதைப் பின்னர் சொல்வோம்.

அந்த அன்பரைக் குறைசொல்ல நாம் இதை எழுதவில்லை. அவர் செய்ததை அவருக்கு முன்பே, திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர் ஒருவர் செய்திருக்கிறார். அதே வசனத்தை வைத்தே செய்திருக்கிறார்.

வட ஆப்பிரிக்காவுக்குப் போவோம். 303-ஆம் ஆண்டு தியோக்கிளேசியன் பேரரசன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கினான். மறைநூல் ஏடுகளை ஒப்படைக்கவேண்டும், அவை எரிக்கப்படும் என்பது அவனது ஆணைகளுள் ஒன்று. சிலர் கொடுக்க மறுத்து உயிரை விட்டார்கள். சிலர் அஞ்சிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களைக் ‘கையளித்தவர்கள்’ என்று ஊர் இகழ்ந்தது. துன்புறுத்தல் ஓய்ந்த பின்பு, 311-ஆம் ஆண்டையொட்டிக் கார்த்தேஜ் நகருக்குச் செசிலியன் என்பவர் ஆயரானார். அவரை அபிஷேகம் செய்த ஃபெலிக்ஸ் என்ற ஆயர் ஏடுகளைக் கையளித்தவர், ஆகையால் அந்த அபிஷேகம் செல்லாது என்று ஒரு கூட்டம் பிரிந்து தனக்கென வேறோர் ஆயரை வைத்துக்கொண்டது. சிறிது காலத்தில் தொனாத்துஸ் என்பவர் அக்கூட்டத்தின் தலைவரானார். அவர் பெயராலேயே அவர்கள் தொனாத்தியர் எனப்பட்டனர். ஃபெலிக்ஸ் குற்றமற்றவர் என்று விசாரணையில் பின்னர் தெளிவாயிற்று. 313-இல் உரோமையிலும் 314-இல் ஆர்ல் நகரிலும் கூடிய ஆயர்கள் செசிலியன் பக்கமே தீர்ப்பளித்தார்கள். ஆனால் பிளவு ஆறவில்லை. நூறு ஆண்டுக் காலம் ஊருக்கு ஊர் இரண்டு கோயில், இரண்டு பீடம், இரண்டு ஆயர். மறைநூலை யார் காத்தார், யார் காட்டிக்கொடுத்தார் என்பதில் தொடங்கிய சண்டை அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிளவுக்கு நடுவேதான் புனித அகுஸ்தீனார் 391-இல் ஹிப்போ நகரில் குருவாகி, சில ஆண்டுகளில் அதன் ஆயரும் ஆனார். தொடக்கத்தில் அவர் கையிலெடுத்த ஆயுதம் சொல் ஒன்றே. கடிதங்கள் எழுதினார். எதிர்த்தரப்பு ஆயர்களைப் பொது வாதத்துக்கு அழைத்தார். படிப்பறிவில்லாத மக்களும் பாடி மனத்தில் இருத்திக்கொள்ளும்படி, அகரவரிசையில் அடிகள் தொடங்கும் பாட்டு ஒன்றை, குருவாக இருந்த காலத்திலேயே எளிய நடையில் இயற்றினார். நமது கிராமங்களில் வாசாப்பு பாடியும் அம்மானை பாடியும் மறையறிவு வளர்த்த பழைய குருக்களுக்கு அவர் மூத்தவர் என்று சொல்லலாம்.

எதிர்த்தரப்பிலும் நல்லவர்கள் இருந்தார்கள், முரடர்களும் இருந்தார்கள். சிர்க்கும்செல்லியோனர் எனப்பட்ட முரட்டுக் கும்பல்கள் தடிகளோடு திரிந்தன. அத்தடிகளுக்கு ‘இஸ்ராயேல்’ என்று பெயர் வைத்திருந்தார்களாம்! வேதத்திலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கித் தடிக்குச் சூட்டிவிட்டால் தடி புனிதமாகிவிடும் போலும். ஒருமுறை அகுஸ்தீனாரைத் தாக்க அவர்கள் வழியில் காத்திருந்தார்கள். வழிகாட்டியாக வந்தவன் பாதை தவறி வேறு வழியே கூட்டிப் போனதால் அவர் பிழைத்தார். பகாய் என்ற ஊரின் ஆயரான மக்சிமியானுஸ் அவ்வளவு அதிர்ஷ்டசாலியல்லர். கோயிலுக்குள் புகுந்து, பீடத்தை உடைத்து, அந்த மரக்கட்டைகளாலேயே அவரை அடித்துக் குத்திக் கோபுரத்திலிருந்து கீழே தள்ளினார்கள். குப்பைமேட்டில் விழுந்ததால் உயிர் தப்பிய அவர், தம் காயங்களோடு பேரரசன் ஹொனோரியுஸிடம் போய் நின்றார்.

404-இல் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் அரசனிடம் கேட்டது கொஞ்சந்தான். எங்கே வன்முறை நடந்ததோ, அங்குள்ள எதிர்த்தரப்புக் குருக்களுக்குமட்டும் அபராதம் விதித்தால் போதும் என்றார்கள். காயங்களைக் கண்ட அரசவையோ அவர்கள் கேட்டதைவிடப் பெருந்தண்டனையைக் கொடுத்தது. 405-இல் ஒன்றிப்பு ஆணை பிறந்தது. தொனாத்தியர் சபை சட்டத்துக்கு விரோதமானதாயிற்று. கோயில்கள் பறிக்கப்பட்டன. மக்கள் கூட்டங்கூட்டமாகக் கத்தோலிக்கக் கோயில்களுக்கு வந்தார்கள். அஞ்சியே வந்தார்கள், ஆனால் வந்தார்கள்.

இங்கேதான் அகுஸ்தீனாரின் மனம் மாறியது. 408-ஆம் ஆண்டளவில் வின்சென்சியுஸ் என்ற தொனாத்தியக் கிளைப்பிரிவின் ஆயருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இன்று 93-ஆம் கடிதம் என்று எண்ணிடப்பட்டிருக்கிறது. யாரையும் பலவந்தமாக ஒன்றிப்புக்குக் கொண்டுவரலாகாது, கொண்டுவந்தால் போலிக் கத்தோலிக்கர்களே கிடைப்பார்கள் என்பதே தமது பழைய எண்ணம் என்று அதில் அவர் மறைக்காமல் சொல்கிறார். அந்த எண்ணத்தை மாற்றியது எதிர்வாதம் அல்ல, கண்ணால் கண்ட உதாரணம் என்றும் சொல்கிறார். தம் சொந்த ஊரே ஒருகாலத்தில் முழுவதும் தொனாத்தியர் பக்கம் இருந்ததாம்; அரச சட்டத்துக்கு அஞ்சித் திரும்பியதாம்; இப்போது அப்படியொரு பிளவு இருந்த சுவடே அங்கு இல்லையாம். பலன் கண்டபின், பலனுக்கு ஆதாரமாக மறைநூலில் ஓரிடம் தேடினார். பெருவிருந்து உவமை கிடைத்தது. 417-இல் போனிஃபாஸ் என்ற படைத் தலைவருக்கு எழுதிய 185-ஆம் கடிதத்தில் அதை விரித்துரைத்தார். முதலில் அழைக்கப்பட்டவர்கள் மென்மையாகக் கூட்டிவரப்பட்ட காலத்தைக் குறிக்கிறார்களாம். வழிகளும் வேலிகளும் பதிதங்களையும் பிரிவினைகளையும் குறிக்கின்றனவாம். அங்கே இருப்போரை வற்புறுத்தி உள்ளே கொண்டுவருவது ஆண்டவரின் கட்டளையாம்.

அவருக்கு நீதி செய்யவேண்டும். கொலைத் தண்டனையை அவர் ஏற்கவே இல்லை. அவருடைய குருக்களுள் ரெஸ்தித்துத்துஸ் என்பவர் கொல்லப்பட்டார். இன்னோசென்சியுஸ் என்பவருக்கு ஒரு கண் பிடுங்கப்பட்டு, ஒரு விரல் வெட்டப்பட்டது. குற்றவாளிகள் பிடிபட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்ட போதும், அவர்களைக் கொல்லவேண்டாம், உறுப்புகளையும் குறைக்கவேண்டாம் என்று அகுஸ்தீனார் அதிகாரியிடம் மன்றாடி எழுதினார். தம் மக்களின் இரத்தத்துக்குப் பழி வேண்டாம் என்று சொல்ல எத்தனை ஆயர்களுக்கு மனம் வரும்?

ஆனால் நாம் இதை எழுதுவது 93-ஆம் கடிதத்தில் உள்ள வேறொரு பகுதிக்காக. குருமடத்தில் அதை நாம் வாசித்தபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர், தலை நரைக்கத் தொடங்கிய வயதில், மீண்டும் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். உன்னத சங்கீதத்தின் முதலாம் அதிகாரத்தில் காதலி தன் காதலனை, நடுப்பகலில் மந்தையை எங்கே இளைப்பாற விடுகிறாய் என்று கேட்கிறாள். இலத்தீன் மொழியில் நடுப்பகலுக்கும் தென்திசைக்கும் ஒரே சொல். வின்சென்சியுஸின் தரப்பார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்து தம் மந்தையைத் தெற்கில் மேய்க்கிறார். தெற்கு என்றால் ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்கா என்றால் நாங்கள்! அகுஸ்தீனார் இதைக் கேட்டுச் சீறுகிறார். உருவகமாகச் சொல்லப்பட்ட ஒன்றை, அதன் இருளை நீக்கும் தெளிவான வேறு சான்றுகள் இல்லாமல், தனக்குச் சாதகமாக விளக்கிக்கொள்வது வெட்கங்கெட்ட செயல் அல்லவா என்று கேட்கிறார்.

பொன்னான விதி. எண்ணூறு ஆண்டுகள் கழித்துப் புனித தோமாஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பின் முதற் கேள்வியிலேயே இந்தக் கடிதத்தைப் பெயர் சொல்லிச் சுட்டி, வாதத்துக்கு ஆதாரமாக நிற்கக்கூடியது மறைநூலின் நேர்ப்பொருள் மட்டுமே, உருவகப் பொருள் அன்று என்று நிலைநாட்டினார். ஆனால் வேலியோரம் என்றால் பிரிவினை என்று அகுஸ்தீனார் கண்டதும் உருவகம்தானே? தெற்கு என்றால் ஆப்பிரிக்கா என்பதைச் சிரித்துத் தள்ளிய அதே மனிதர், வேலி என்றால் தொனாத்தியர் என்பதை எப்படி எழுதினார்? பிறர் கையில் இருந்த அளவுகோலின் கோணல் அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. தம் கையில் இருந்ததை அவர் பார்க்கவில்லை. மனிதருள் மிகச் சிறந்த அறிவாளிக்கே இப்படி நேர்ந்ததென்றால், நமக்கெல்லாம் என்ன!

மறைநூல் விளக்கத்துக்கு அவரே ஒரு நூல் எழுதினார். கிறிஸ்தவப் போதனையைப் பற்றியது அது. ஆயரான புதிதில் தொடங்கி, இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே முடித்தார். இருளான பகுதிகளைத் தெளிவான பகுதிகளின் ஒளியில் படிக்கவேண்டும் என்பது அதில் ஒரு விதி. மறைநூலைப் புரிந்துகொண்டதாக நினைக்கிற ஒருவன், அந்தப் புரிதலால் இறையன்பையும் பிறரன்பையும் வளர்க்கவில்லையென்றால், அவன் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் குருமடத்தில் மனப்பாடம் செய்தோம். மனப்பாடம் செய்வது எளிது.

எதிர்த்தரப்பு மட்டும் இதில் சளைத்ததா என்றால், இல்லை. 411 ஜூன் மாதம் கார்த்தேஜில் அரச ஆணையாளர் மார்செல்லினுஸ் முன்னிலையில் பெருவாதம் நடந்தது. பக்கத்துக்குச் சுமார் 280 ஆயர்கள். ஆணையாளர் எல்லாரையும் அமரச் சொன்னார். தொனாத்திய ஆயர்கள் அமர மறுத்தார்கள். தீயவர்களோடு அமர்வதில்லை என்னும் கருத்து 26-ஆம் சங்கீதத்தில் இருக்கிறதே என்றார்கள்! ஆணையாளரும் மரியாதைக்காக நின்றே விசாரித்தார். அதே சங்கீதம், அதே இடத்தில், அப்படிப்பட்டவர்களோடு உள்ளே நுழைவதும் இல்லை என்கிறது. நுழைந்தவர்கள் ஏன் அமரக்கூடாது என்று அகுஸ்தீனார் பின்னர் எழுதிக் காட்டினார். பாதி வசனத்தை எடுத்து மீதியை விட்டுவிடும் பழக்கம் நேற்றுப் பிறந்ததன்று.

தீர்ப்பு கத்தோலிக்கருக்குச் சாதகமாக வந்தது. 412 ஜனவரியில் வந்த சட்டம் அந்தஸ்துக்குத் தக்கபடி அபராதம் விதித்தது. பிரபுக்களுக்குப் பொன் நிறுத்து அபராதம், அடிமைகளுக்கும் குடியானவர்களுக்கும் அடி. பணமில்லாதவன் முதுகால் செலுத்தவேண்டியதாயிற்று என்பதைக் கவனியுங்கள்.

இதன் கடைசிக் காட்சி 420-ஆம் ஆண்டளவில் தாமுகாதி நகரில் நடந்தது. அங்கே கௌதென்சியுஸ் என்ற தொனாத்திய ஆயர், அதிகாரிகள் நெருங்கினால் தம் கோயிலோடும் மக்களோடும் தீக்குளிப்பதாக அறிவித்தார். அவரும் மறைநூலையே காட்டினார். இரண்டாம் மக்கபேயர் நூல் 14-ஆம் அதிகாரத்தில், பகைவர் கையில் சிக்காதபடி தன்னைத்தானே மாய்த்துக்கொண்ட ராசிஸ் என்ற மூப்பரின் கதை வருகிறதல்லவா? அதுவே தமக்கு முன்மாதிரி என்றார். அகுஸ்தீனாரின் பதிலை ஒவ்வொரு வேத வாசகரும் நெஞ்சில் எழுதிக்கொள்ளலாம். மறைநூல் ஒன்றைச் சொல்வது வேறு, அதைச் செய்யச் சொல்வது வேறு. ராசிஸ் செய்ததை அது எடுத்துரைக்கிறது. நாம் அதை எடைபோட்டுப் பார்க்கவேண்டுமேயன்றிப் பின்பற்றவேண்டியதில்லை என்றார் அவர். எவ்வளவு தெளிவு! தாவீது செய்ததெல்லாம் நமக்குக் கட்டளையன்று, யாக்கோபு தந்தையை ஏமாற்றியது நமக்கு அனுமதியன்று. அத்தனை தெளிவுடையவரின் கையிலும் அந்த ஒரு வசனம் மட்டும் வழுக்கியது.

430 ஆகஸ்டு 28-இல் அகுஸ்தீனார் இறந்தார். அப்போது வாண்டலர் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தது. 439-இல் கார்த்தேஜும் அவர்கள் வசமாயிற்று. ஆரியப் பதிதத்தைச் சேர்ந்த அவர்களுடைய அரசன் ஹுனெரிக் 484-இல் கத்தோலிக்கர்களுக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தான். புதிதாக எழுத அவன் சிரமப்படவில்லை. தொனாத்தியருக்கு எதிராக முன்பு இயற்றிய சட்டத்தையே எடுத்து, அந்த அபராத அட்டவணையோடு, கத்தோலிக்கர்மேல் திருப்பிவிட்டான். கோயில்கள் பறிபோயின, ஆயர்கள் நாடு கடத்தப்பட்டார்கள்.

அதன்பின் பல நூற்றாண்டுகளை விரைந்து கடப்போம். தோமாஸ் அக்குவினாஸ் நம்பிக்கை என்பது மனவிருப்பத்தின் செயல் என்று கண்டு, ஒருபோதும் கிறிஸ்தவராகாதவர்களை விசுவாசத்துக்குக் கட்டாயப்படுத்தவே கூடாது என்றார். ஆனால் விட்டு விலகியவர்களை வற்புறுத்தலாம் என்றார். அந்த விவாதத்திலும் நமது வசனம் தலைகாட்டுகிறது. பெரியவர் ஒருவர் ஒரு வசனத்துக்கு ஒரு பொருள் சொல்லிவிட்டால், அடுத்து வரும் பெரியவர்களும் அதைத் தாண்டிப் போவது கடினம்.

பின்பு பிரான்சு. 1598-இல் புரோட்டஸ்தாந்தருக்குக் கொடுத்த நாந்து ஆணையை அரசன் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் ரத்து செய்தான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே புரோட்டஸ்தாந்தர் வீடுகளில் குதிரைப்படை வீரர்கள் குடியிருத்தப்பட்டார்கள். மதம் மாறும்வரை வீட்டார் அவர்களுக்குச் சோறு போடவேண்டும், அவர்களது அட்டகாசத்தையும் தாங்கவேண்டும். அதே 1685-இல் பாரிஸில் ஒரு நூல் வெளிவந்தது. அகுஸ்தீனாரின் 93-ஆம் கடிதமும் 185-ஆம் கடிதமும் பிரெஞ்சு மொழியில் அதில் இருந்தன. இன்று பிரான்சில் நடப்பது அன்று ஆப்பிரிக்காவில் நடந்ததே என்று காட்டுவது அதன் நோக்கம். ஆப்பிரிக்க ஆயர் ஒருவர், தடிகளுக்கு நடுவில், மனவேதனையோடு எழுதிய கடிதங்கள், 1,270 ஆண்டுகள் கழித்து, ஒருவரையும் தாக்காத நெசவாளர் குடும்பங்களுக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறின. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள்.

ஓடியவர்களுள் ஒருவர் பியேர் பேல். அவர் அதற்குமுன்பே ஹாலந்தில் ரொத்தர்தாம் நகரில் குடியேறி ஆசிரியராக இருந்தார். அவருக்குப் பதிலாக அவருடைய அண்ணன் பிரான்சில் சிறைப்பட்டு, 1685 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். மறு ஆண்டு பேல் எழுதத் தொடங்கிய பெருநூல் முழுவதும் நமது ஒரு வசனத்தைப் பற்றியது. பாவம் செய்யும்படி கட்டாயப்படுத்துகிற எந்த விளக்கமும், எழுத்துக்கு எழுத்து எவ்வளவு பொருந்தினாலும், பொய்யான விளக்கமே என்பது அவரது வாதத்தின் அச்சு. பேல் நமது திருச்சபையைச் சேர்ந்தவரல்லர்; அவரது வேறு பல கருத்துகளை நாம் ஏற்பதுமில்லை. ஆனாலும் இந்த இடத்தில், அகுஸ்தீனாரின் அன்பு விதியை அகுஸ்தீனாருக்கே நினைவூட்டியவர் அவர்தாம் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

திருச்சபை மெல்ல நடந்தது. யாரையும் விருப்பத்துக்கு மாறாகக் கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவச் செய்யலாகாது என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1351-ஆம் சட்டம் விதித்தது. 1943-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தமது சுற்றுமடலில், மறைநூல் ஆசிரியர் எம்மொழியில், எக்காலத்தில், எவ்வகை இலக்கியத்தில் எழுதினார் என்று ஆராய்ந்து நேர்ப்பொருளைக் காணுமாறு வல்லுநர்களை ஊக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18-இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் 12-ஆம் எண்ணில் அதையே திருச்சபை முழுவதற்கும் வழியாக்கியது. ஆசிரியரின் கருத்து என்ன, மறைநூல் முழுமையோடு அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கவேண்டும் என்றது. சரியாக 19 நாள் கழித்து, டிசம்பர் 7-இல், சமயச் சுதந்திரம் பற்றிய ஏடு வெளிவந்தது. விசுவாசம் சுதந்திரமான பதிலாகவே இருக்கமுடியும் என்றும், கிறிஸ்து தம்மை எதிர்த்தவர்கள்மேல் உண்மையைப் பலவந்தமாகத் திணிக்கவில்லை என்றும் அது கூறியது. இறைமக்களின் வரலாற்றில் நற்செய்தியின் உணர்வுக்கு ஒவ்வாத நடத்தைகள் இருந்ததுண்டு என்றும் அது ஒப்புக்கொண்டது. இரு ஏடுகளும் ஒரே மாதத்துக்குள் வந்ததை நாம் தற்செயல் என்று நினைப்பதில்லை. 2000 மார்ச் 12-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமையில் கேட்ட பாவமன்னிப்பில், உண்மைக்கு ஊழியம் செய்வதாக எண்ணித் தகாத வழிகளைக் கையாண்ட பாவமும் ஒன்று.

அப்படியானால் அந்த வசனம்தான் என்ன சொல்கிறது? உவமையை மீண்டும் எடுத்து, மெதுவாகப் படிப்போம்.

ஆண்டவர் இதைச் சொன்னது ஒரு பரிசேயத் தலைவன் வீட்டுப் பந்தியில். முதலிடம் தேடி அமர்ந்த விருந்தாளிகளை அவர் கவனித்திருந்தார். விருந்து வைத்தால் பணக்கார அயலாரை அழைக்கவேண்டாம், ஏழைகளை அழை என்று வீட்டாருக்கும் சொல்லியிருந்தார். அதன் தொடர்ச்சியே இவ்வுவமை. வயல் வாங்கியவன், ஐந்து ஏர் மாடு வாங்கியவன், புதுமாப்பிள்ளை ஆகிய மூவரும் வர மறுக்கிறார்கள். தலைவர் சினங்கொள்கிறார். ஆனால் என்ன செய்கிறார்? அவர்களை இழுத்துவர ஆளனுப்புகிறாரா? இல்லை. மறுத்தவர்கள் மறுத்தபடியே விடப்படுகிறார்கள். அவர்கள் தம் விருந்தைச் சுவைக்கப்போவதில்லை என்று அவர் சொல்வதோடு சரி. ‘வற்புறுத்தி’ என்ற சொல் அவர்களைப் பற்றியதே அன்று. அது வேலியோரத்தில் கிடப்பவர்களைப் பற்றியது. அவர்கள் மறுக்கவில்லை, அவர்களை ஒருவரும் அதுவரை அழைத்ததே இல்லை.

நமது ஊர்க் கலியாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தலுக்கு வெளியே, கந்தல் உடுத்தி நிற்கிற ஒருவரைப் பார்த்து, ‘உள்ளே வாங்க ஐயா, சாப்பிடலாம்’ என்று ஒருமுறை சொன்னால் வருவாரா? எச்சில் இலை எடுக்கச் சொல்வார்களோ, வந்த பிறகு விரட்டுவார்களோ என்று பின்வாங்குவார். ‘உங்களைத்தான், வாங்க’ என்று கையைப் பிடித்து உட்கார வைத்து இலை போட்டால்தான் நம்புவார். அந்தக் கைப்பிடிப்புத்தான் இந்த வற்புறுத்தல். கிரேக்க மூலத்தில் உள்ள அதே வினைச்சொல்லை மத்தேயுவும் பயன்படுத்துகிறார்: அப்பம் பலுகிய பின்பு ஆண்டவர் சீடர்களைப் படகேறும்படி வற்புறுத்தினாரென்று. அவர்களை அவர் கட்டியா ஏற்றினார்? எம்மாவு வழியில் இரு சீடர் ஆண்டவரைத் தங்கும்படி நெருக்கியதையும், லீதியாள் சின்னப்பரைத் தன் வீட்டில் தங்க நெருக்கியதையும் எழுதியவர் லூக்காஸ்தாம். அவ்விடங்களில் வேறு சொல்லை ஆண்டாலும் விருந்தோம்பலின் அதே நெருக்குதலே அங்கும் இருக்கிறது. பொருள் இன்னும் மங்கலாகத் தோன்றினால் தெளிவான இடங்கள் இருக்கின்றன. தம்மை ஏற்காத சமாரிய ஊர்மேல் நெருப்பை வரவழைக்கக் கேட்ட யாகப்பரையும் அருளப்பரையும் ஆண்டவர் கடிந்துகொண்டார். கூட்டம் விட்டுப் போனபோது பன்னிருவரைப் பார்த்து, நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்று கேட்டார். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி அது.

இப்போது நமது சொந்தக் கதை. நாம் குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு, வேறொரு பங்கில் துணைக் குருவாக இருந்தோம். குருமடத்தில் படித்தது பசுமையாக இருந்த காலம். எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் பசுமையாக இருந்த காலம். பாஸ்குக் கடன் செலுத்தாதவர்களின் பெயர்களைத் திரட்டி, ஒரு ஞாயிறன்று பிரசங்கத்தில் இதே உவமையை விளக்கி, பெயர்களை உரக்க வாசித்தோம். வற்புறுத்துவது ஆண்டவரின் கட்டளை என்றும் சொன்னோம். அந்தப் பட்டியலில் ஓர் ஆலைத் தொழிலாளியின் பெயரும் இருந்தது. படுத்த படுக்கையான தாயை அவர் ஒருவரே பார்த்துவந்தார் என்பதும், தாயை அடக்கம் செய்தபின் பல மாதம் கழித்து அன்றுதான் பூசைக்கு வந்து கடைசித் தூணோரம் நின்றிருந்தார் என்பதும் நமக்குப் பிறகே தெரிந்தது. தாயின் அடக்கத்தை நடத்தியவர் பங்குக் குரு, நாம் கேட்டறியவில்லை. தம் பெயரைக் கேட்டதும் அவர் முழந்தாளிட்டுச் சிலுவை வரைந்துகொண்டு வெளியே போனாராம். அவர் வீட்டுக்கு மூன்றுமுறை போனோம். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார், மரியாதையாகவே பேசினார். நாம் அந்தப் பங்கில் இருந்தவரை கோயிலுக்கு வரவில்லை.

அன்பியக் கூட்டத்தில் நம் வாயை அடைத்தது இதுவே. அறிவிப்புப் பலகையில் பட்டியல் போடப்படாததற்கு நமது மறதியோ கோழைத்தனமோ காரணம் என்று சிலர் பேசிக்கொள்வதாக அறிகிறோம். பட்டியல் நம் மேசை இழுப்பறையில் பத்திரமாகவே இருக்கிறது. அதில் 17 குடும்பங்கள். பொன்விழா அழைப்பிதழை எடுத்துக்கொண்டு, அந்த அன்பரையும் உடன் அழைத்துக்கொண்டு, மாலை வேளைகளில் ஒவ்வொரு வீடாகப் போய்வருகிறோம். இம்மலர் அச்சுக்குப் போகும் இன்றுவரை 9 வீடுகள் முடிந்திருக்கின்றன. ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. இரண்டு வீடுகளில் நோயாளிகள் இருக்கிறார்கள்; அங்கே நன்மை கொண்டுபோகத் தொடங்கியுள்ளோம். ஒரு வீட்டில் நம்மைத் திட்டினார்கள். திட்டியதில் நியாயம் இருந்தது என்று திரும்பும் வழியில் அந்த அன்பரே சொன்னார். மீதி எட்டு வீடுகளுக்கு விழாவுக்கு முன் போய்விட எண்ணியிருக்கிறோம்.